கணவாய் ஓடும் விதம்

நான் செய்த சிறிய நீர்மூழ்கி, மொட்டைமாடித் தொட்டியில் மூன்றாவது முறையும் தண்ணீர் புகுந்து அடியில் போய்க் கிடந்தது. பின்விசிறியின் தண்டுக்காகப் போட்ட ஓட்டைதான் காரணம். எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் குசினியில் கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவியிடம் புலம்பினேன்.

“கணவாய்க்கு எங்க விசிறி கிடக்கு? தண்ணியப் பீச்சித்தானே ஓடுது” என்றாள்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. மருந்துக்கடையில் ரப்பர் குமிழ் ஒன்று வாங்கி, விசிறியைக் கழற்றிவிட்டு, குமிழின் வாய் மட்டும் வெளியே தெரிய அந்த ஓட்டையில் வைத்து ஒட்டினேன். உள்ளே மோட்டார் அதை அமுக்கி அமுக்கி விட்டது.

மறுபடி தொட்டியில் விட்டபோது நீர்மூழ்கி திக்கித் திக்கி நகர்ந்தது.

“இவ்வளவு மெதுவாவோ?” என்று பார்க்க மேலே வந்த மனைவி கேட்டாள்.

“ஓம். ஆனா உள்ள ஒரு சொட்டுத் தண்ணியும் போகேல்லை.”

அது எதிர்ச்சுவரைத் தொடும்வரை இருவரும் வெயிலிலேயே நின்றோம்.