கோட்டைக்குப் பின்னால் மறையும் வள்ளம்

இன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகை விட்டுவிட்டேன். பிந்திப் போனதால் அல்ல. ஒரு காலைப் படகில் வைத்தாயிற்று, மற்றக் கால் இன்னும் சீமெந்துத் தரையில். அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற பிள்ளை ஒன்று, முதுகில் பெரிய பையோடு தீவு பார்க்க வந்த பிள்ளை, மிக மரியாதையாகக் கேட்டது: "அண்ணை, எங்க போறியள்?"

வைத்த காலை எடுத்துவிட்டேன். படகுக்காரன், "ஏறுறியளோ இல்லையோ?" என்று கத்தினான். "இல்லைத் தம்பி, நீர் விடும்" என்றேன். தான் என்ன பிழையாகக் கேட்டோம் என்று விளங்காமல் அந்தப் பிள்ளை படகில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டு போனது. பாவம். விளக்கம் சொல்லும்வரை படகு நிற்காது. உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லலாம். அடுத்த படகு வர நேரம் கிடக்கிறது.

நான் போக நினைத்தது நெடுந்தீவுக் கோட்டைக்குத்தான். கோட்டை பார்ப்பது எனக்குப் பழைய வியாதி. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன் நான். போர்த்துக்கேயர் முன்னம் வந்ததோ ஒல்லாந்தர் முன்னம் வந்ததோ என்பது கூட எனக்கு வெகுகாலம் குழப்பமாகவே இருந்தது. ஆனால் அவர்கள் கட்டிவிட்டுப் போன சுவர்கள் எனக்கு நல்ல பழக்கம். நெடுந்தீவில் உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோட்டை காட்டித் திரிந்திருக்கிறேன். முருகைக்கல் சுவர்; நடுவில் ஆடு மேயும். "இதில் யார் இருந்தது?" என்று கேட்பார்கள். "பெரிய ஆக்கள்" என்பேன். அதற்குமேல் ஒருவரும் கேட்டதில்லை.

ஊர்காவற்றுறையில் கரையோரம் உருண்டிக் கோட்டை என்று ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்றால், மரங்களின் வேர் பிடித்துக்கொண்டிருப்பதால் இன்னும் விழாமல் இருக்கிறது. சண்டை முடிந்து பாதைகள் திறந்த காலத்தில், போக இடமில்லாமல், கொஞ்ச நாள் அதற்குள்தான் படுத்தேன். கூரை இல்லை. மழை பெய்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். போர்த்துக்கேயத் தளபதிக்குப் பிறகு அந்தக் கோட்டையில் குடியிருந்தவன் நானாகத்தான் இருக்கும். வௌவால் எச்சமும் ஊறிய சுண்ணாம்பும் சேர்ந்த அந்த மணம் இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் எனக்குப் பசிக்கும். அங்கே இருந்த நாளெல்லாம் பசி, அதனால்.

அந்தப் பசிதான் என்னைச் சூசை அண்ணையிடம் கொண்டுபோய் விட்டது.

விடிகாலையில் கோட்டையில் இருந்து இறங்கிக் கரைக்கு வந்தேன். நெஞ்சு அகன்ற ஒரு மனிதர் வள்ளத்தைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். கூடப் போனால் ஏதாவது வேலை கிடைக்கும் என்ற நினைப்பில், "அண்ணை, எங்க போறியள்?" என்று கேட்டேன்.

அவர் தள்ளுவதை நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை. வள்ளத்தைத் திரும்பக் கரைக்கு இழுத்தார், வலையைத் தோளில் போட்டார், வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அன்றைய தொழில் முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவருடைய மனைவி, கையில் அகப்பையோடு, கரைக்கு வந்தார். ரீற்றா அக்கா.

"கடலுக்குப் போற மனுசனை எங்க போறியள் எண்டு கேட்டவன் ஆர்?"

"நான்தான் அக்கா."

"எந்த ஊரடா நீ?"

"புங்குடுதீவு."

"ஏன், அங்க கடலைத் தூர்த்துப் போட்டாங்களோ?"

புறப்படுகிறவனைப் போகும் இடம் கேட்டால் போன காரியம் கெடும் என்பது எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் அங்கே முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தக் கரையில் அது வேதம். கேட்டாயிற்று என்றால் வள்ளம் திரும்ப வேண்டும். கேட்காமல் இருக்க முடியாதவர்களுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: "தூரமோ?" என்று மட்டும் கேட்கலாம். "ஓம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் குற்றமில்லை.

"கெடுத்த நாளுக்கு வேலை செய்து கழி" என்று ரீற்றா அக்கா என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். குசினி வாசலில் இருத்திப் பழஞ்சோறும் மீன் குழம்பும் போட்டார். நாளைக் கழிக்கப் போனவன் சில வருடம் அங்கேயே நின்றேன். என் வாழ்க்கையில் நான் ஒரே இடத்தில் அவ்வளவு காலம் நின்றது அதுதான்.

அந்தக் குசினி வாசலில் இருந்து பார்த்தால் நேரே கடற்கோட்டை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில், தண்ணீரில் மிதப்பது போல, வட்டமான கல் மதில். இலங்கையைப் பன்றித்தொடை என்று வைத்தால் இந்தத் திட்டு அதன் குதி என்று நினைத்து ஒல்லாந்தர் பெயர் வைத்தார்களாம். ஒரு வெள்ளைக்காரப் பயணி சொன்னது. நாட்டைப் பார்த்தவுடனே சாப்பாடு ஞாபகம் வந்தவர்கள்தான் கோட்டையையும் திருத்திக் கட்டினார்கள். எனக்கு அவர்கள் மேல் ஒரு இது உண்டு.

ரீற்றா அக்கா பிறந்தது நாரந்தனை, வாழ்க்கைப்பட்டது இந்த வீடு. கடற்கோட்டையைப் பார்த்தபடிதான் பிள்ளை பெற்றார், பெற்ற பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். ஒரு நாளும் அதற்குள் கால் வைத்ததில்லை. ஒரு காலம் அது மறியல்வீடு, சிறைச்சாலை. பிறகு கடற்படை வந்து, கிட்டவும் போகேலாத காலம். அதெல்லாம் மாறி, கேட்டால் உள்ளே விடுவார்கள் என்ற காலம் வந்தபோது, சூசை அண்ணை விடவில்லை. மீன் ஏறும் வள்ளத்தில் பொம்பிளை ஏறக்கூடாது என்பது அவருடைய அடுத்த வேதம்.

"அப்பிடி என்னக்கா அதுக்குள்ள?" என்று ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டு கேட்டேன்.

"கோட்டைக்குள்ள ஒண்டும் இல்லையடா. ஆனா ஒவ்வொரு விடியலும் இவரின்ரை வள்ளம் அந்தக் கோட்டைக்கு அங்கால போய் மறையும். மறைஞ்ச உடனை எனக்கு மூச்சு நிண்டிடும். திரும்ப இஞ்சாலை தலை காட்டினாத்தான் அடுத்த மூச்சு. சண்டைக் காலத்திலை ரண்டு நாள் மறைஞ்சு போய்க் கிடந்தவர். அங்கால எப்பிடி இருக்கும் எண்டு ஒருக்காப் பாக்க வேணும். அவ்வளவுதான்."

பிள்ளைகள் கனடாவுக்குக் கூப்பிட்டுக் கடிதம் எல்லாம் சரிவந்த வருடம் அது. சூசை அண்ணை வலைகளைக் கொடுத்துவிட்டார். வள்ளம் மட்டும் நின்றது. இனி அது மீன் ஏறாத வள்ளம் என்பதால் ரீற்றா அக்கா பிடித்துக்கொண்டார்: "வெளிக்கிட முன்னம் கோட்டையைக் காட்டும். காட்டாட்டி நான் பிளேனில ஏறமாட்டன்."

ஒரு வெள்ளிக்கிழமை சூசை அண்ணை அக்காவை ஏற்றினார். தள்ளி வள்ளம் மிதக்கவும், மீன் வியாபாரி ஒருவன் சைக்கிளில் மணியடித்து வந்து, வாய் நிறையச் சிரித்து, "சூசை அண்ணை! அக்காவையும் ஏத்திக்கொண்டு எங்க போறியள்?" என்றான். வள்ளம் திரும்பிவிட்டது.

"இனி மீனுக்கே போறம்? ஆர் கேட்டா என்ன?" என்று ரீற்றா அக்கா கத்தினார்.

"நான் மீனுக்குப் போறனோ கோட்டைக்குப் போறனோ எண்டு கடலுக்குத் தெரியுமே?"

அன்றைக்கு வீட்டில் குசினி புகையவில்லை. நானும் அண்ணையும் சந்தியில் போய்ப் பாண் வாங்கிச் சாப்பிட்டோம்.

வெளிக்கிடுவதற்கு முதல்நாள் கடைசித் தடவை. அதற்கு முந்தினநாளே நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தேன்: நாளைக்குக் கரையில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. மீன் வியாபாரியிடம் இரண்டு தரம் சொன்னேன். கோட்டையில் பொறுப்பாக இருந்தவரிடமும் போய் அனுமதி கேட்டு வைத்தேன். அடுத்தநாள் கரையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஊரே வந்து நிற்கிறது. கேட்காமல் இருப்பதற்கென்றே வந்து நிற்கிறது. ஒருவன் வானத்தைப் பார்க்கிறான். ஒரு மனுசி வாயில் சீலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டு நிற்கிறது. வியாபாரி முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் மணியைக் கையால் பொத்தியிருந்தான். அப்படி ஒரு அமைதி, பூசையில்கூட இல்லை.

சிரிப்பை அடக்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் போனோம். கோட்டை பெரிதாகிப் பெரிதாகி வந்தது. மதிலில் ஒட்டியிருந்த சிப்பிகள் தெரிந்தன. படி கிட்ட வந்துவிட்டது. மேலே காவலுக்கு நின்ற பொடியன், தெற்கில் எங்கோ பிறந்து புதிதாகத் தமிழ் பழகியவன், எங்களைக் கண்ட சந்தோசத்தில் எட்டிப் பார்த்துக் கேட்டான்:

"ஐயா, எங்கை போறது?"

எனக்குத் தலையில் அடிக்கவேண்டும் போல இருந்தது. ஊர் முழுக்கச் சொன்னவன் இவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். சூசை அண்ணை கம்பை ஊன்றி வள்ளத்தைத் திருப்பத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ."

"ஏலாது ரீற்றா. கேட்டுப்போட்டான்."

"உங்களைத்தானே கேட்டவன்? நீங்கள் திரும்புங்கோ. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

சொல்லிக்கொண்டே குதித்துவிட்டார். இடுப்பளவு தண்ணீர், கீழே கல். சீலை வட்டமாக மிதந்தது. நானும் பின்னால் குதித்தேன். காவல் பொடியன் பயந்துபோய்ப் படியில் இறங்கிவந்து அக்காவின் கையைப் பிடித்து ஏற்றினான்.

உள்ளே ஒன்றும் இல்லைத்தான். புல் முற்றம், சின்னச் சின்ன அறைகள், மழைத்தண்ணீர்த் தொட்டி. உருண்டிக் கோட்டையின் அதே மணம். எனக்கு உடனே பசித்தது. அக்கா எதையும் பார்க்கவில்லை. நேரே மதில் மேல் ஏறினார். அங்கால் பக்கம் திறந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

"எங்கட வீடு எதடா?"

காட்டினேன். குசினிக் கதவு தெரிந்தது. கொடியில் காயப்போட்ட மஞ்சள் சீலை தெரிந்தது. கரையில் நின்ற சனத்தில் வியாபாரியின் சைக்கிள் கூடத் தெரிந்தது.

"இவ்வளவு கிட்டவோ?" என்றார். ஈரச் சீலை மதிலிலேயே காய்ந்தது.

சூசை அண்ணை போய்விடவில்லை. வள்ளத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். வீட்டுக்குத் திரும்புவது பயணம் இல்லை, அதற்கு வேதம் இடம் கொடுக்கும். ஆகவே எங்களை ஏற்றிப்போக வந்தார். பாதி வழி வந்ததும் ரீற்றா அக்கா கேட்டார்:

"கோட்டைக்கு அங்காலை திரும்பேக்க நான் குசினி வாசலிலை நிக்கிறது உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். அந்த மஞ்சள் சீலை எண்டா வடிவாத் தெரியும். கையைக் காட்டுறனான்."

"கையைக் காட்டுறனீங்களோ! இவ்வளவு காலமும் ஏன் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே."

"கடலுக்குப் போறவனைக் கேள்வி கேக்கக்கூடாதெண்டு சொன்னது ஆராம்?"

சூசை அண்ணை கம்பை ஊன்றுவதிலேயே கவனமாக இருந்தார். நான் காரைநகர்ப் பக்கம் பார்த்தேன்.

அடுத்தநாள் வாகனம் வந்தது. திரும்பவும் ஊர் கூடியது. திரும்பவும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடம். சூசை அண்ணை ஒரு காலை வாகனத்தின் படியில் வைத்துவிட்டு நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாராவது கேட்டால் இறங்கிவிடலாம் என்பது போல. வியாபாரி தலையைக் குனிந்துகொண்டான். என் முகத்துக்கு வந்ததும் அவர் கண் நின்றது. எனக்கு அந்தக் கேள்வி வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, குற்றமில்லாததைக் கேட்டேன்.

"தூரமோ அண்ணை?"

"ஓமடாப்பா. கொஞ்சம் தூரம்தான்."

ஏறினார். நானும் அன்றைக்குப் பின்னேரமே பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

ரீற்றா அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிடுவார். அங்கே சூசை அண்ணை ஒரு பெரிய கடையில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். "வெளிக்கிடேக்க கோபம் வந்தா நான் வேணுமெண்டே கேப்பன், எங்க போறியள் எண்டு. சப்பாத்தைக் கழட்டிப் போட்டு வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, பேந்துதான் போவார். பஸ் போயிடும்" என்று சிரிப்பார். போன மாரியில் ஒருநாள், ஞாயிறு அல்லாத நாளில் கூப்பிட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்கையும் கேட்டனானடா. சத்தமாக் கேட்டனான். மனுசன் இந்தமுறை திரும்பேல்லை."

கடற்கோட்டையில் இப்போது விருந்தாளிகள் தங்குகிறார்கள். விளக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள், வடிவாகத்தான் இருக்கிறது. அக்காவின் குசினிக்குக் கதவு இல்லை. வாசலில் பனை வடலி நிற்கிறது. கரையில் வள்ளம் தள்ளும் பொடியங்கள், கையில் தொலைபேசியோடு, எங்க நிக்கிறாய், எங்க போறாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டபடியே கடலுக்குப் போகிறார்கள். மீனும் கொண்டு வருகிறார்கள். அதுவும் நல்லதுதான்.

அடுத்த படகு வந்துவிட்டது. இரண்டு காலையும் வைத்து ஏறி, ஓரமாக இடம் பிடித்து, சுற்றிவர இருந்த முகங்களை ஒருதரம் பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.