மத்தியானம் வீட்டுக்கு வரும் வண்டி

அப்பா தன் கறுப்பு ஆபீஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே இது வேண்டாம்" என்று அம்மாவிடம் சொன்ன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது. காளிகாட் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். தம்பி பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டான். அந்தப் பிரசவத்திலேயே அம்மாவின் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஊட்டிவிட வேண்டும். துணைக்கு வந்திருந்த அத்தை ஆறு மாதத்தில் ஊர் திரும்பினாள். மத்தியானம் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய்வர அப்பா அனுமதி கேட்டார். ஆபீஸில் எல்லோரும் பொரோ பாபு என்று அழைக்கும் தலைமை குமாஸ்தா, "உனக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள்" என்று மறுத்துவிட்டாராம்.

அப்பா வாடகைக் குதிரை வண்டி ஓட்டப் போனார். பெட்டி போல மூடிய நாலு சக்கர வண்டி. கும்பகோணத்தில் அவருடைய அப்பா ஜட்கா ஓட்டியவர். அந்த வீட்டிலிருந்து இங்கிலீஷ் படித்து ஆபீஸ் படியேறிய முதல் ஆள் அப்பாதான். "படிச்ச படிப்பெல்லாம் குதிரை வாலுக்குப் பின்னால போச்சே" என்று இங்கிருந்த தமிழ்க் குடும்பங்களில் பேசிக்கொண்டார்கள். விசேஷங்களுக்கு எங்களை அழைப்பதும் நின்றது. காலையில் கோயிலுக்கு வருபவர்களை ஏற்றி இறக்குவார். உச்சிவேளைக்குக் குதிரையைச் சந்து முனையில் கட்டிப் புல்லைப் போட்டுவிட்டு வந்து உலை வைப்பார். "சோத்துல குதிரை வாசனை அடிக்குது" என்று அம்மா சிரிப்பாள். அவர் மறுபடியும் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஊட்டுவார். பிறகு எனக்குத் தலைவாரிவிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்புவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் சவாரி கிடையாது. அம்மாவைக் குழந்தை போலத் தூக்கி வந்து வண்டிக்குள் தலையணை வைத்துச் சாய்த்து, என்னையும் ஏற்றிக்கொண்டு மைதானத்தைத் தாண்டிக் கங்கைக் கரைக்கு ஓட்டிப் போவார். வாரத்தில் அவள் வானத்தைப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பவானிபூர் அருகே ஒருவர் குறுக்கே ஓடிவந்து வண்டியை மறித்தார். தோளில் ஒரு சின்னப் பெண் துவண்டு கிடந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஒரு வண்டியும் நிற்கவில்லை" என்று வங்காள மொழியில் கெஞ்சியவர், வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். அவர்தான் பொரோ பாபு.

அப்பா கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்:

"யாருங்க?"

"பழைய ஆபீஸ் பாபு. குழந்தைக்கு முடியலை போல."

"அழுகைச் சத்தமே கேக்கலையே. சீக்கிரம் ஏத்திக்குங்க."

பாபு ஏறினார். குழந்தையின் தலை தொங்குவதைப் பார்த்து அம்மா தன் வலது கையை நீட்டி, "இங்க குடுங்க" என்றாள். தமிழ் தெரியாவிட்டாலும் அந்தக் கை அவருக்குப் புரிந்தது. குழந்தையின் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, வண்டியிலிருந்த குடத்துத் தண்ணீரில் நான் நனைத்துக் கொடுத்த முந்தானையால் அதன் நெற்றியையும் கழுத்தையும் விடாமல் துடைத்துக்கொண்டே வந்தாள். அப்பா குதிரையை அப்படி விரட்டி நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது குழந்தை கண்ணைத் திறந்து முனகியது. பாபு அதை வாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து "மா" என்றார். உடனே உள்ளே ஓடினார்.

"கை மரத்துப்போச்சுங்க" என்றாள் அம்மா, அவர் போன பிறகு.

அப்பா பதறிப்போய் இறங்கி வந்தார். "வலிக்குதா?"

"வலிக்கட்டும். வேலை செஞ்சு கை வலிச்சு எத்தனை நாளாச்சு."

அன்று கங்கைக்குப் போகவில்லை. வழியெல்லாம் அம்மா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். குழந்தை பிழைத்துக்கொண்டது என்று மறுவாரம் பாபு ஆள் அனுப்பிச் சொன்னபோது அவள் அழுதாள். தம்பி போனபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்து அம்மா போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பின் பொரோ பாபுவே வீடு தேடி வந்தார். வெறும் கட்டிலைப் பார்த்தவர், "உன் நாற்காலியை உனக்கே வாங்கித் தருகிறேன், வந்துவிடு" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அப்பா சம்மதிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆபீஸ்காரர் மகளாக மறுபடியும் இருக்க எனக்கு அவ்வளவு ஆசை.

அப்பா அவரிடம் சொன்னார்: "பொண்ணு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வருவா, பாபு. வர்றப்ப வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது."

எனக்குக் கல்யாணம் ஆகும்வரை அப்பா வண்டிதான் ஓட்டினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை அவரிடம் சொல்லவில்லை. பிறகு அதற்காக வருந்தியதையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அவர் உயிரோடு இருந்தவரை காலம் இருந்தது. இப்போது டாலிகஞ்சில் என் வீட்டு வாசலில் மோட்டார்கள் ஓடுகின்றன. கணவர் ஒன்பதரைக்கு ஆபீஸ் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். பன்னிரண்டு அடித்ததும் நான் எழுந்து போய் வாசல் கதவைத் திறக்கிறேன். யாரும் வரப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் அதை உடனே சாத்த மனம் வருவதில்லை.