சூரியனுக்கு முதுகு காட்டியவர்

நாள் முழுக்க வெயிலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறிக்கிறவன் நான். சூரியனைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த சகலையோ, வானம் மூடிக்கொண்டால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவர். அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு பேர் ஒரே கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். அவர்கள் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடி. மாடி இரண்டு வீட்டுக்கும் பொது என்பது வீட்டுக்காரர் சொன்னது. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை அது சகலைக்கு மட்டும் என்பது சகலை சொன்னது.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் கண்ணைக் கடையில் ஒரு பெண் பரிசோதிப்பாள். அவள் எழுதிக் கொடுக்கும் பவருக்கு லென்ஸை எடுத்து, ஃபிரேமின் அளவுக்கு வெட்டி மாட்டுவது இவர். ஓரத்தில் கீறல் விழுந்ததென்று ஒதுக்கப்பட்ட ஒரு லென்ஸை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான பிளாஸ்டிக் பைப். அதன் முனையில் அந்த லென்ஸ், கீறலை மறைக்க அட்டை வளையம். மறுமுனையில் ஏதோ பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய மைக்ராஸ்கோப்பில் கண்வைத்துப் பார்க்கும் கண்ணாடி. இத்தனையையும் தாங்கி நிற்பது எங்கள் வீட்டில் ஓடாமல் போன மேஜை மின்விசிறியின் அடிப்பாகம். மேலும் கீழும் சாய்க்கலாம், பக்கவாட்டில் திருப்பலாம், திருகை முடுக்கினால் நிற்கும். விசிறியாக இருந்தபோது அது இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை.

இதை வைத்து அவர் சூரியனைப் பார்ப்பதில்லை. இதைத்தான் தெருவில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. பைப்பை வெயிலுக்குக் காட்டிவிட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். பைப்பின் வாலிலிருந்து வரும் வெளிச்சம் ஒரு வெள்ளைத்தாளில் விழும். தாளில் முன்கூட்டியே வரைந்துவைத்த வட்டத்துக்குள் சூரியன் வந்து கச்சிதமாக உட்காரும். அதன் மேல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். கூட்டம் கூட்டமாக இருந்தால் கூட்டத்துக்குப் பத்து, அதோடு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒன்று. கூட்டி வரும் எண்ணை அங்கேயே கைப்பேசியில் அடித்து, தூர தேசத்தில் இந்தக் கணக்கைச் சேர்க்கும் ஒரு நிலையத்துக்கு அனுப்பிவிடுவார். புள்ளிகளைப் பென்சிலால் தாளில் குறித்துவிட்டுக் குளிக்கப் போவார். பைப்பை மூடி உள்ளே வைப்பதும், தாளைக் கோப்பில் சேர்ப்பதும், என் மனைவியின் அக்காவின் பொறுப்பு. நானும் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். துணி காயப்போட மாடிக்கு வருகிறவர், போகிற போக்கில் சூரியனையும் எடுத்து வைத்துவிட்டு வருவார்.

சூரியனுக்குப் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை ஏற்ற இறக்கமாம். புள்ளியே இல்லாத காலம், பிறகு முகம் முழுக்கப் புள்ளி, மறுபடி ஒன்றுமில்லாமை. சகலை தொடங்கியது ஒன்றுமில்லாத காலத்தில். ஆறு மாதம் தினமும் மாடியேறிச் சைபர் எழுதினார்.

"இன்னைக்கு என்ன சகலை?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்ல சகலை."

"அதுக்கு ஏன் மேல போறீங்க? கீழயே ஒண்ணுமில்லாமத்தான இருக்கு?"

"ஒண்ணுமில்லைங்கறதயும் யாராவது பாத்துச் சொல்லணும்ல?"

தெரு அவருக்குச் சைபர் சார் என்று பெயர் வைத்தது. அதோடு ஓர் இலவச ஆலோசனையும் கொடுத்தது: கண்ணு போயிடும், பாத்துக்குங்க. "நான் நேராப் பாக்கறதே இல்லைங்க" என்று ஒவ்வொருவரிடமும் அவர் படம் வரைந்து விளக்குவார். கேட்டுவிட்டு, "இருந்தாலும் கண்ணு போயிடும்" என்பார்கள்.

அந்த நிலையத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. ஒருவர் கண்ணுக்குக் குறைவாகத் தெரியும், இன்னொருவர் குழாய்க்கு அதிகமாகத் தெரியும். எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்த, ஆளுக்கொரு எண்ணால் பெருக்கிக்கொள்வார்கள். சரியாக எண்ணுகிறவருக்கு ஒன்று; புள்ளிகளை விடவிட எண் ஏறும். சகலைக்கு ஒன்று புள்ளி ஒன்று. வருடக்கணக்காக அசையவில்லை. ரத்த வகையைச் சொல்வதுபோல அதைச் சொல்லிக்கொள்வார். அதே குழாய், அதே ஆள், அதே எண் என்று பதினோரு வருடச் சுற்றும் முழுதாக முடிந்தால், அவருடைய கணக்கு தனிப் பதிவாக நிலையத்தின் நிரந்தர அட்டவணையில் ஏறும். கண்ணாடிக் கடையில் முப்பது வருடம் அடுத்தவர் பார்வைக்கு உழைத்தவர், தான் பார்த்ததென்று ஓர் அட்டவணையில் ஏற ஆசைப்பட்டார். எனக்கு அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனால் பத்தாவது வருடம் வந்தபோது நானும் உள்ளுக்குள் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பத்தாவது வருடத்தில் ஒரு காலை, என் பனியன் காய்ந்ததா என்று பார்க்கப் போயிருந்தேன். சகலை ஒரு கூட்டம், மூன்று புள்ளி, மொத்தம் பதின்மூன்று என்று அடித்துக்கொண்டிருந்தார். வாளியோடு பின்னால் நின்ற அக்கா, "ஏங்க, இந்த ஓரத்துலயும் பொடிப்பொடியா நாலஞ்சு இருக்கே?" என்றார்.

"அது தூசி."

"தூசின்னா தாள நகத்தினா கூட வரும்னு நீங்கதான சொல்வீங்க. வரலையே."

"பத்து வருஷமா பாக்கறவனுக்குத் தெரியாததா? நீ போய்த் துணியக் காயப்போடு. நெழலு விழுது."

நானும் எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஏதோ இருந்தது போலத்தான் இருந்தது. மூத்த சகலையோடு காலையிலேயே மல்லுக்கு நிற்க வேண்டாமென்று பனியனை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அக்காவும் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

சூரியன் இறங்குமுகத்தில் இருந்த காலம் அது. அதனால் எண் குறைவதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "அவருக்கும் வயசாகுது, ஓய்வுக்கு ரெடியாகறாரு" என்று சூரியனைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். ஒரு வருடம் கழித்து நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. மரியாதையான கடிதம்தான். அவருடைய பெருக்கு எண் ஒரு வருடமாக ஏறி ஒன்று புள்ளி ஆறுக்குப் போய்விட்டது, சென்ற மாதம் அவர் சைபர் போட்ட ஒன்பது நாளிலும் மற்ற நாற்பது பேர் புள்ளி பார்த்திருக்கிறார்கள், கருவியைச் சரிபார்க்கவும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சகலை ஒரு மாதம் உலகத்தையே கோணல் என்றார். லென்ஸைக் கழற்றிக் கழுவினார். தாளை மாற்றினார். தெருமுனை ரொட்டிக்கடையின் புகைபோக்கிதான் காரணமென்று போய்ச் சண்டை போட்டார். ரொட்டிக்கடைக்காரர், "சூரியன மறைக்கிற அளவுக்கு என் கடையில வியாபாரம் இல்ல சார்" என்று கும்பிட்டு அனுப்பினார்.

"கண்ண ஒரு தடவ காட்டிடுங்களேன்," என்றேன்.

என்னைப் பார்த்த பார்வையில் ஏளனம் சொட்டியது. "நான் வேல செய்யறதே கண்ணாடிக் கடையில. மாசாமாசம் நானே செக் பண்றேன். போர்டுல கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கறேன்."

அந்தப் போர்டு கடையில் தொங்க ஆரம்பித்து இருபது வருடம். தினமும் நூறு பேர் அதை உரக்கப் படிக்க, பக்கத்து மேஜையில் லென்ஸ் வெட்டிக்கொண்டு கேட்டவர் இவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடைசி வரியை ஒப்பிப்பார். இது எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அதிசயம்.

பிறகு முதலாளி போர்டைக் கழற்றிவிட்டு, எழுத்துகள் மாறி மாறி வரும் திரை ஒன்றை வாங்கி மாட்டினார். சரியாக ஓடுகிறதா என்று பார்க்கக் கண் பார்க்கும் பெண், "சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றாள். சகலை காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். திரை ரிப்பேர் என்றார். அந்தப் பெண் விளக்கை எடுத்து இரண்டு கண்ணிலும் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை சார். ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கணும். எப்படி சார் சமாளிச்சீங்க?"

அன்று பட்டப்பகலில் நேரே மேல்வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையில் லென்ஸ் துடைக்கும் துணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட நேராப் பாத்ததில்ல சகலை. வயசானா வர்ற புரைதான்னு அந்தப் பொண்ணும் சொல்லுது. ஆனா யார் நம்புவா? தெருவே சொல்லும், சொன்னோம்ல, சொன்னோம்லன்னு."

"அப்ப சொல்லாதீங்க. பேசாம ஆபரேஷன் பண்ணிட்டு வந்து மறுபடி எண்ணுங்க. இன்னும் நாலு மாசந்தான, சுத்து முடிஞ்சிடும். அட்டவணையில ஏறிடலாம்."

நான் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். மீட்டர் ஓடாத வீட்டுக்கு உத்தேசமாக ஓர் எண் போட்டுவிட்டு வருகிறவனின் நல்ல எண்ணம்.

"இருந்தத இல்லைன்னு எழுதியிருக்கேன் சகலை. ஒரு நாளா ரெண்டு நாளா, பதினாலு மாசம்," என்றார். குரல் உடைந்துவிட்டது.

அன்றே நிலையத்துக்கு எழுதிவிட்டார்: என் கண்ணில் புரை, கடைசிப் பதினான்கு மாதக் கணக்கைத் தள்ளுபடி செய்யுங்கள். பதினோரு வருடம் முழுமையாகாமல், அட்டவணையில் ஏறவிருந்த தன் பெயரைத் தன் கையாலேயே அடித்துவிட்டார்.

புரை விஷயம் வெளியே கசிந்ததும், வெறும் வாயை மெல்லும் தெருவுக்கு அவல் கிடைத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது பழமொழி. இவர் நமஸ்காரம் பண்ணியே கெடுத்துக்கொண்டார் என்றார்கள். வயதினால் வந்த புரை, வெயிலுக்குச் சம்பந்தமில்லை என்று டாக்டரிடம் கெஞ்சி எழுதி வாங்கி வந்து நாலு பேரிடம் காட்டினார். வாங்கிப் பார்த்த நாலு பேரும், கையெழுத்து புரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு மாத இடைவெளியில் இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது. வந்ததும் அவர் கேட்டது தாள்களைச் சேர்த்துவைத்த கோப்பைத்தான். தள்ளுபடியான பதினான்கு மாதத் தாள்களிலும் சிவப்புப் பேனாவால் கோடு போட வேண்டுமாம். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முதல் தாளில் பேனாவை வைக்கப் போனவர் நிறுத்தினார். அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்ததையும்.

அவர் அழுத்திக் குறித்த கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவில், ஓரங்களில், மிக மெல்லிசாக வேறு புள்ளிகள் இருந்தன. பூனை நடந்த மாதிரி. அவர் சைபர் போட்ட நாள்களிலும் இருந்தன. பழைய கண்ணுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை.

"இது யார் போட்டது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அக்கா ஈரக்கையோடு வந்தார். "நான்தான். நீங்க குளிக்கப் போனப்புறம், விட்டுப்போனதெல்லாம் போட்டு வெச்சேன்."

"என் படத்துல நீ எப்படிக் கை வைக்கலாம்?"

"இருக்கறத விட்டுட்டு மூடி வைக்க மனசு வரல. சொன்னாலும் கத்துவீங்க, சொல்லாட்டியும் கத்தறீங்க. மெல்லிசாத்தான போட்டேன்? வேணாம்னா அழிச்சிடுங்க."

"ஒரு வருஷமாத் தெரிஞ்சிருக்கு. எனக்குக் கண்ணு தெரியலைன்னு ஒரு வார்த்த சொல்லல நீ."

அக்கா விரிந்து கிடந்த தாள்களைப் பார்த்தார். "எப்படிச் சொல்றது? அது ஒண்ணுதான உங்களுக்கு இருந்துது," என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சகலை அழிக்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து, அக்காவின் புள்ளிகளையும் சேர்த்து எண்ணி, நிலையம் வெளியிட்ட கணக்கோடு ஒப்பிட்டார். மூன்றாம் நாள் மாலை மேலே வந்தார். முகத்தில் சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று சொல்ல முடியாத ஒரு களை.

"அவ எண்ணு ஒண்ணுக்குக் கிட்ட வருது சகலை. ஒண்ணு புள்ளி பூஜ்யம் ரெண்டு. என் நல்ல காலத்துலகூட நான் அங்க போனதில்ல."

நிலையத்துக்கு மறுபடி எழுதினார். பதில் வந்தது. ஒருவர் பதிவில் இன்னொருவர் பார்த்ததைச் சேர்க்க முடியாது; ஆனால் தாள்களின் நகலை அனுப்பினால், அம்மையாரைத் தனிப் பார்வையாளராக, பதினான்கு மாத அனுபவத்தோடு பதிந்துகொள்கிறோம். உங்களைப் பொறுத்தவரை, கண்ணுக்குள் லென்ஸ் மாறினால் ஆள் மாறிய கணக்கு. புதியவராக முதல் நாளிலிருந்து தொடங்கலாம். இத்துடன் புதியவர்களுக்கான படிவம்.

அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. புதியவர்கள் முதலில் ஓர் அனுபவசாலியின் மேற்பார்வையில் எண்ண வேண்டும். அவர் பெயர், கையெழுத்து. சகலை என் முன்னால்தான் அக்காவின் பெயரை எழுதினார். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று மெதுவாக எழுதினார். பிறகு படிவத்தை இரண்டு கையாலும் கொண்டுபோய் நீட்டினார்.

அக்கா முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது: புதியவருக்கு எவ்வளவு காலம் மேற்பார்வை தேவைப்படும் என்று கருதுகிறீர்கள்? "ஒரு வருடம்" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். அதை அடித்துவிட்டு, "பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று எழுதிக் கொடுத்தார்.