இனிப்பு தெரியாத நாக்கு

இரண்டு சிறுகுறிஞ்சான் இலைகளைக் கடைவாயில் ஒதுக்கி மென்றபடியே தராசைத் தட்டிச் சரிபார்க்கிறாள் கிராம் அக்கா. கசப்பில் முகம் கோணுகிறது. இனி முக்கால் மணி நேரத்துக்கு அவள் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இருபத்திரண்டு வருடமாக பேக்கரியில் கேக் செய்கிறவள் செய்யும் காரியமா இது?

சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே, "இந்த வேலை உங்களுக்கு ஆகாது, விட்டுடுங்க" என்றார் டாக்டரம்மா. கிரீம் கிண்ணத்தை வழித்து வழித்து வாயில் போட்டே பழகிய கை, சொன்னால் கேட்குமா? வேலையை விடவோ அவளுக்கு மனசில்லை. கொல்லை வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து இலையைப் பறித்தாள். "தித்திப்பே தெரியலைன்னா எதுக்கு நக்கப்போறேன்?" ருசி பார்க்க முடியாதே, அதனால் உப்பு முதல் எல்லாமே நிறுவைதான். 'கிராம்' என்ற பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான். அவள் கேக் ஒருநாளாவது சப்பென்று இருந்ததாக எவராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

மாத்திரையை ஒருவேளைகூட விட்டதில்லை. இலையைப் பற்றி மட்டும் டாக்டரம்மாவிடம் மூச்சு விடவில்லை. அங்கேதான் கோட்டை விட்டாள்.

போன மாதம் ஒருநாள் வெறும் வயிற்றோடு வந்து, இலையை மென்றபடி மாவு பிசைந்தவளுக்கு வியர்த்துக் கொட்டியது. மாத்திரையோடு இலையும் சேர்ந்து ரத்தச் சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிட்டது. பக்கத்து அடுப்பில் ரொட்டி சுடுகிறவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஓடிவந்து ஒரு கரண்டி சர்க்கரையை அவள் வாயில் போட்டான். துப்பினாள்.

"என்னடா, மண்ணை அள்ளிப் போடுற?"

"சத்தியமா சர்க்கரைதான்க்கா. என்னை நம்பி முழுங்கு."

நாக்கு மண் என்றது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், விழுங்கினாள். பிழைத்தாள்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். வேலை போச்சு என்றுதான் நினைத்தாள். அவரோ இலைக்குத் தக்கபடி மாத்திரையைக் குறைத்து எழுதி, "தினமும் ரத்தம் பாருங்க. சாப்பிடாம வேலைக்குப் போகாதீங்க. இனிமே எதையாவது மறைச்சீங்க, நானே உங்க முதலாளிக்குப் போன் போட்டு நிறுத்திடுவேன்" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அடுப்பு மூட்டுமுன் ரொட்டிக்காரனைக் கூப்பிட்டாள். அவன் சட்டைப் பைமேல் ஒரு சின்னச் சர்க்கரைப் பொட்டலத்தை ஊக்கால் குத்தினாள்.

"நான் மண்ணுன்னு சத்தியம் பண்ணுவேன், நம்பிடாத. திட்டியாவது முழுங்க வை."

சொல்லிவிட்டு, ஊக்கு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.