லுவாவின் முதல் போணி

எங்க சைகோனுக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து இறங்கினா, முதல் ரெண்டு நாள் அவனுக்கு ஒரே வேலைதான், ரோட்டைத் தாண்டுறது. என் காபிக் கடைக்கு எதிர் ஓட்டல்ல ஒருத்தன் வந்து தங்கினான். நல்ல உயரம், அதனால கொக்குன்னு பேர் வெச்சுட்டேன். ஒரு காலை ரோட்டுல வைப்பான், மோட்டார் சைக்கிள் கூட்டத்தைப் பார்த்ததும் எடுத்துக்குவான். பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலா வந்துச்சு. கடைசியில என் சிநேகிதி லுவாதான் போய் அவன் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. "நிக்காம நட. பின்னால மட்டும் போகாத. அவங்களே ஒதுங்கிப் போவாங்க"ன்னு நம்ம பாஷையிலயே சொல்லிக்கிட்டு வந்தா. அவனும் புரிஞ்ச மாதிரி தலையாட்டினான்.

லுவா அப்படித்தான். தோள்ல கம்பு, ரெண்டு பக்கமும் கூடை, கூடை நிறையப் பழம்னு இந்தத் தெருவையே வருஷக்கணக்கா அளந்தவ. புருஷன் போனப்புறமும் சிரிப்பை விடாதவ. முட்டி வீங்கினதும் கூடையை இறக்கி வெச்சுட்டு, காதுல கழுத்துல இருந்ததையெல்லாம் வித்து ஒரு ரொட்டி வண்டி வாங்கினா. வறுத்த பன்றிக்கறி, ஊறவெச்ச கேரட், கொத்தமல்லி, மிளகாயெல்லாம் வெச்சுத் தர்ற பான் மீ ரொட்டி. அது ஓடலைன்னா மேகாங் ஆத்தங்கரையில அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணி மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுப் பாத்திரம் தேய்க்கணும். அந்த அண்ணியை எனக்குத் தெரியும். அதுக்கு ஜெயிலே தேவலாம்.

கொக்கு தினமும் என் கடையில வந்து உட்காருவான். முட்டி ரெண்டும் காதைத் தொடும். போன்ல பேசுவான், போன் நம்ம பாஷையில சொல்லும். "உங்க ஊர்ல ஸ்டூலுக்கு ஏன் கால் வளரல?"ம்பான். "பொம்பளைங்க ஏன் தூங்குற துணியோட மார்க்கெட்டுக்கு வர்றாங்க?"ம்பான்.

"ஏன், மீன் என்ன மாப்பிள்ளையா, அலங்காரம் பண்ணிட்டுப் போய்ப் பார்க்க?"ன்னேன்.

"எல்லாரும் ஏன் என் வயசைக் கேக்குறாங்க?"

"கேக்காம உன்னைத் தம்பிங்கிறதா, மாமாங்கிறதா? குடி, ஐஸ் உருகுது."

என் கடைக்குக் கொஞ்சம் தள்ளி லுவா வண்டி திறக்கிற நாள் வந்துச்சு. எங்க ஊர்ல முதல் போணிதான் எல்லாம். சிரிச்ச முகம், நல்ல கைராசி உள்ளவங்க வந்து, பேரம் பேசாம வாங்கிட்டுப் போகணும். முதல் ஆள் சரியில்லைன்னா அன்னைக்கு ஈ கூட வராது. புதுக் கடைன்னா கேக்கவே வேண்டாம், கடையோட தலையெழுத்தே அதுதான். அதனால லுவா முன்கூட்டியே மருந்துக்கடை டியென் அண்ணன்கிட்டச் சொல்லி வெச்சிருந்தா. அவர் கை வெச்ச கடையெல்லாம் மாடி கட்டியிருக்கு.

என் கை அதுக்கு நேர் எதிர். ஒரு செருப்புக் கடையில நான்தான் முதல்ல வாங்கினேன், ஒரே மாசத்துல மூடிட்டான். நூடுல்ஸ்காரிகிட்ட முதல் கிண்ணம் நான் வாங்கின அன்னைக்குக் கொட்டோ கொட்டுன்னு மழை. அப்புறம் எந்தக் கடைக்குப் போனாலும் என் பேரைச் சொல்லி, "தாம் அக்கா, வேற யாராவது வாங்கட்டும், அப்புறம் வா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. நானும் சிரிச்சுக்குவேன். உள்ளுக்குள்ள வலிக்கத்தான் செய்யும். அதனால அன்னைக்கும் என் கடையை விட்டு அசையாம, வண்டிப் பக்கமே பார்க்காத மாதிரி பார்த்துக்கிட்டிருந்தேன்.

டியென் அண்ணன் சொன்ன சொல் தவறாம விடிஞ்சதும் வந்துட்டார். ஆனா கன்னம் பூசணிக்காயா வீங்கி, தலையைச் சுத்தித் துணி கட்டியிருந்தார். பல்வலி. முனகுறாரே தவிர வாயைத் திறக்க முடியல. வாயே திறக்காதவர் வந்து முதல் ரொட்டியை வாங்கினா வண்டி உருப்படுமா? லுவாவே அவரைச் சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்பிட்டா.

அடுத்து வந்தது யாருன்னா, நம்ம கொக்கு. ரொட்டியை எடுத்து அமுக்கிப் பார்த்தான், விலை கேட்டான். பாதி விலைக்குத் தர்றியான்னு விரலை மடக்கிக் காட்டினான். பேரம் பேசு, தரலைன்னா நடையைக் கட்டு, பின்னாலயே கூப்பிடுவாங்கன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க பாவிக்கு. லுவா சும்மாவே குடுத்திருப்பா. அவளுக்கு வாய் எழும்புறதுக்குள்ள ரொட்டியை வெச்சுட்டுத் திரும்பி மெதுவா நடந்தான். போணியைக் கெடுத்துட்டுப் போறவனை எங்க ஊர்ல யாரும் திருப்பிக் கூப்பிட மாட்டாங்க. லுவா ஒரு காகிதத்தைக் கொளுத்தி, பீடை போகட்டும்னு வண்டியைச் சுத்தி ஆட்டினா. அந்த மடையன் புகையைப் பார்த்ததும் நின்னு, தனக்கு ஏதோ மரியாதை பண்றாங்கன்னு நெனச்சுப் போட்டோ எடுத்தான்.

இவளுக்கா இப்படி ஆகணும்னு இருந்துச்சு. அப்பதான் லுவா என்னைப் பார்த்துக் கையாட்டினா. "அக்கா, இங்க வா. முதல் ரொட்டி உனக்குத்தான்."

"பைத்தியமாடி உனக்கு? செருப்புக் கடை கதை தெரியுமில்ல?"

"தெரியும். அவன் செருப்பு ஒரு மழைக்கே பிஞ்சுது. அதுக்கு உன் கை என்ன பண்ணும்?"

"வேண்டாம் லுவா. விளையாடாத. இது உன் பொழப்பு."

"என் பொழப்புதான். நான் முட்டி வீங்கிக் கிடந்தப்ப தினம் சோறு கொண்டு வந்தது எந்தக் கை? டியென் அண்ணன் கையா? பேசாம வாங்கு, ரொட்டி ஆறுது."

வாங்கினேன். கேட்ட காசைக் குடுத்துட்டு, திரும்பிப் பார்க்காம என் கடைக்கு ஓடியே வந்துட்டேன். ரொட்டியைக் கடிக்காமலே தெருவைப் பார்த்துக்கிட்டிருந்தேன். தெருவுல அத்தனை வண்டி போகுது, ஒண்ணாவது நிக்கணுமே. என் கையை வெட்டிப் போட்டா என்னன்னு தோணுச்சு.

ரொம்ப நேரம் கழிச்சு ஒருத்தி, பின்னால பள்ளிக்கூடப் புள்ளையோட, மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே ரெண்டு ரொட்டி கேட்டா. எங்க ஜனத்தைத்தான் தெரியுமே, ஒரு வண்டி நின்னா என்னன்னு பார்க்க இன்னும் நாலு நிக்கும். கொஞ்ச நேரத்துல நடைபாதையே அடைச்சுப் போச்சு. யாரும் கூப்பிடாததால மூலையிலயே நின்னிருந்த கொக்கும் வெக்கத்தை விட்டு வரிசையில வந்து, முழு விலை குடுத்து வாங்கினான். மிளகாய் ஏறிக் கண்ணுல தண்ணி வழிய இன்னொண்ணும் கேட்டான். மத்தியானத்துக்கு முன்னாடியே கறி தீர்ந்துடுச்சு.

லுவா வண்டியைத் துடைச்சுக்கிட்டே, என்னை நிமிர்ந்து கூடப் பார்க்காம சொன்னா. "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாக்கா. நீ வாங்குற வரைக்கும் நான் யாருக்கும் விக்கிறதா இல்ல."

"போடி, ரொம்பத்தான்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் என் கடைக்கு வந்தவங்களுக்கெல்லாம் அன்னைக்குக் காபியில பால் கொஞ்சம் அதிகமாத்தான் விழுந்துச்சு.