கை தெரிந்தால் போதும்

வாயாடி என்றுதான் அவளுக்குப் பட்டப்பெயர். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆனால் கையைத் தூக்கினால் ஓயமாட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிற இடைவெளியிலேயே ஊர்வம்பு முழுக்கச் சொல்லி முடித்துவிடுவாள். பெயர் வைத்தவன் கட்டியவன்தான். அவனுக்கும் காது கேட்காது.

அவன் கடல் கடந்து மீன் பதனிடும் ஆலைக்குப் போனபின் வீடியோவில்தான் குடித்தனம். அங்கே விடுதியில் ஒரே இணைப்பை ஆளாளுக்கு இழுப்பார்கள். நெட் குறைந்தால் முகம் சிலை மாதிரி தெளிவாக நிற்கும், கைகள் புகையாகக் கரைந்துபோகும். மற்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். இவர்களுக்குக் கை போனால் பேச்சே போச்சு.

செல்போன் பழுது பார்க்கும் தம்பி, அக்காவோடு கையாலேயே சண்டை போட்டு வளர்ந்தவன்.

"வர்ற நெட்டு கொஞ்சம்க்கா. முகம் தெளிவா இருக்கணுமா, கை தடுக்காம ஓடணுமா? ரெண்டும் கிடைக்காது."

"அந்த மூஞ்சியத்தான் இத்தனை வருஷமா பார்த்தாச்சே. கையை ஓடவிடு."

நெட் குறையும்போது தெளிவை விட்டுக்கொடுத்து அசைவைக் காப்பாற்றும்படி தம்பி அமைத்துக் கொடுத்தான். மாமாவையும் அப்படியே செய்யச் சொன்னான். அதன்பிறகு கண் எது, மூக்கு எது என்று தெரியாது. கைகள் மட்டும் தங்குதடையில்லாமல் ஓடின.

"போன மாசம் சொன்னீங்களே, அந்த வயித்துவலி நின்னுச்சா?" என்று கேட்டாள்.

"எப்பவோ. இப்ப ரெண்டு தட்டு சாப்பிடறேன். தொந்தியே வந்துடுச்சு."

"காட்டுங்க பார்ப்போம்."

"உன் போனுக்குள்ள அடங்காதுடி வாயாடி."

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாமா தேறிவிட்டார் என்று தம்பியிடம் பெருமையடித்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஆலையே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டது. விமான நிலையத்தில் யாரையோ சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் அந்த ஆளைத் தாண்டி, பின்னால் வருகிறவர்களுக்குள் தேடினாள். தம்பிதான் தோளைத் தொட்டுத் திருப்பினான். மஞ்சள் பூத்த கண்கள், ஒட்டிய கன்னம். ஒரே நாளில் வந்த முகமில்லை அது. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கண்ணெதிரேதான் இப்படி ஆகியிருக்கிறது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

ஈரல் போய்விட்டது, முன்பே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர். தம்பி அதை அக்காவுக்குச் சொல்லும்போது பாதியிலேயே அவன் கை நின்றுவிட்டது. மீதி அவளுக்குத் தேவைப்படவில்லை.

கட்டிலில் கிடந்தவன் அவள் வருவதைக் கண்டதும் கையைத் தூக்கினான். "ஒண்ணுமில்லடி, நான் நல்லா..."

அவள் அந்த இரண்டு கைகளையும் பிடித்துப் போர்வைமேல் அழுத்தினாள். அவன் விடுவித்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.