இரண்டு பக்கமும் சொன்ன இடம்

உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவுதான் எடுப்பேன் என்று வீட்டில் சண்டை பிடித்தவள் நான். அதனால் சார்புகளின் தொடர்ச்சி என்ற பாடம் மண்டையில் ஏறவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. இதுவும் விளங்காவிட்டால் கலைப் பிரிவுக்கு மாறிவிடுவது என்று யாருக்கும் தெரியாமல் முடிவு கட்டியிருந்தேன்.

பென்சிலைத் தூக்காமல் வரைய முடிந்தால் அது தொடர்ச்சியானது என்று ஹட்டனில் டியூஷன் எடுக்கும் சேர் முதல் வகுப்பில் சொன்னார். அட, இவ்வளவுதானா என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரமே மனுஷன் ஒரு பின்னத்தை எழுதி, அதன் வரைபாக ஒரு நேர்கோடு வரைந்து, நடுவில் குட்டி வட்டம் ஒன்று போட்டார். x இரண்டாகும்போது பின்னத்தின் கீழே பூச்சியம் வருவதால் அங்கே சார்பே இல்லையாம். ஆனால் எல்லை இருக்கிறதாம், அது நான்கு என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"சேர், அங்கதான் ஒண்ணுமே இல்லைங்களே. நாலுன்னு யாருங்க சொன்னா?"

வகுப்பே சிரித்தது. சேர் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளிகிட்ட கேக்காதம்மா. இந்தப் பக்கமா வந்து கேளு, அந்தப் பக்கமா வந்தும் கேளு. ரெண்டு பக்கமும் ஒரே பதிலச் சொன்னா அதுதான் எல்லை."

நல்ல கதைதான் என்று பொருமிக்கொண்டே நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன்.

அப்போது எங்களுக்கு வீடு இல்லை. மழையில் பின்பக்க மண்மேடு சரிந்து, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் நடுவிலிருந்த எங்கள் காம்பராவை மட்டும் மூடிவிட்டது. வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்ததால் உயிர் தப்பினோம். முன்பு தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பராவில் தங்கியிருந்தோம். புது வீடு வரும் என்று சொல்லிவிட்டுப் போன அதிகாரிகள் திரும்பி வரவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்து வழியாக நடந்தபோது, கையில் தாம்பாளத்தோடு ஒருவர் அங்கே நின்றார். உடப்புசல்லாவையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அப்பாவின் தூரத்துச் சொந்தம். அவருக்கு மண் சரிந்த கதை தெரியாது. அப்பா பேரைச் சொல்லி வழி கேட்டார். இந்தப் பக்கத்து வீட்டு அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பழைய பழக்கத்தில், "எங்களுக்கு அடுத்த வீடுங்க" என்றார். வந்தவர் சரிந்து கிடந்த மண்ணைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்து வீட்டில் கேட்டார்.

"தாண்டி வந்துட்டீங்களே! எங்களுக்கு முந்தின வீடுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

திரும்பி வந்து மண்ணுக்கு முன்னால் நின்றவரின் முகத்தில், வகுப்பில் எனக்கிருந்த அதே முழிப்பு.

"என்னம்மா இது, ரெண்டு பேரும் இங்கன்னுதான் சொல்றாங்க. இங்க ஒண்ணையும் காணோமே?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிட்டது.

"இதுதாங்க எங்க வீடு" என்றேன்.

அவர் எங்கள் வாசற்படி இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று தாம்பாளத்தை நீட்டினார்.

"வீட்டுல வச்சுக் குடுக்கணும்ல. வாங்கிக்கம்மா."

நான் கலைப் பிரிவுக்கு மாறவில்லை. நான்கு என்று யார் சொன்னது என்று அப்புறம் சேரிடம் கேட்கவும் இல்லை. இரண்டு பக்கமும் இங்கே என்று சொல்கிற இடத்தில் வீடு மட்டும் ஏன் இன்னும் இல்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.